பால் காய்ச்சிய பள்ளிக்கூடம்

ஜூன் 12, வியாழன்

மை வியாபாரி இலவசமாகக் கொடுத்த டைரி ஆறு மாதமாகக் கல்லாவுக்குள் சும்மா கிடந்தது. இன்று அதை எடுக்கும்படி ஆகிவிட்டது. காலையில் நகராட்சி அலுவலகத்தில் அரையாண்டு வீட்டு வரி கட்டினேன். ரசீதில் கல்வி வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். வருடக்கணக்காக அதைக் கட்டி வருகிறேன். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் என் மகள் மிருதுளா படிக்கிற நகராட்சி மகளிர் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. மேலே நான்கு வகுப்பறை, கீழே கழிப்பறைகள். பங்குனியிலேயே பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். வாசலில் ரிப்பன்கூடக் கட்டியாகிவிட்டது, இன்னும் பூட்டு தொங்குகிறது. அமைச்சர் வந்துதான் திறக்க வேண்டுமாம், அவருடைய தேதி கிடைக்கவில்லையாம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பள்ளி வாசலில் ஓர் அலங்கார வளைவு எழுப்பியிருக்கிறார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில், நடுவே நகராட்சியின் பெயர், தூணில் பளிங்குக் கல்வெட்டு. மழை வந்தால் அந்த மயிலுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட ஒதுங்க முடியாது. அந்தச் செலவில் இன்னும் இரண்டு வகுப்பறை கட்டியிருக்கலாம். நான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிறேன். வெட்டிச் செலவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

மனு கொடுக்கப் போகிறேன். வளைவுக்கு யார் அனுமதித்தார்கள், எந்த நிதியிலிருந்து எடுத்தார்கள், கணக்கைக் காட்டுங்கள் என்று. மனு கொடுக்கிறவன் நடப்பதையெல்லாம் தேதியோடு குறித்து வைக்க வேண்டும் என்று வக்கீல் நண்பர் சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரி.

ஜூன் 20, வெள்ளி

மனு எழுதி முடித்தேன். மூன்று பக்கம் வந்துவிட்டது. மயிலைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்.

மிருதுளாவின் போக்கு சரியில்லை. எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், கடை வாசலில் நிற்கிற அப்பாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். நேராகக் குளியலறை. பத்தாம் வகுப்பு வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது.

என் மனைவி கோகிலா தினமும் சீரகத் தண்ணீர் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறாள். அது போனபடியே திரும்பி வருகிறது. இன்று நானே கேட்டேன். "ஏன் அம்மிணி, உங்கம்மா காலங்காத்தால எந்திரிச்சுக் காய்ச்சறா, செடிக்கு ஊத்தறதுக்கா?" என்றேன். "தாகம் எடுக்கலீங்ப்பா" என்றாள். வைகாசி முடிந்தும் வெயில் குறையவில்லை, இவளுக்குத் தாகம் இல்லையாம். நன்றாகத் திட்டினேன்.

ஜூன் 25, புதன்

மனு கொடுத்து முத்திரை வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

எங்கள் வார்டு கவுன்சிலர் குமரவேல் கடைக்கு வந்தார். நானும் அவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். கோயில் பண்டிகைக்கு ஒரு பேனர் வேண்டுமாம். யார் படம் பெரிது, யார் படம் சிறிது என்று சொல்லவே அரை மணி நேரம் ஆனது. கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஈஸ்வரா, நீ மனு குடுத்திருக்கறயாமா?"

"ஆமாம். வரி கட்டறவன் கேக்கக் கூடாதா?"

"கேளு சாமி, ஆரு வேண்டாம்னா? ஆனா இப்பக் கேக்கோணுமா? சித்த பொறுத்திருந்தா தெறப்பு விழா முடிஞ்சிருக்கும். அப்பறம் நீ மயில வேணா எண்ணு, தோகைய வேணா எண்ணு."

நல்ல மனுஷன்தான். ஆனால் பதவியில் இருக்கிறவருக்கு எதுவுமே அப்புறம்தான்.

ஜூலை 9, புதன்

மிருதுளாவுக்குக் காய்ச்சல். முதுகு வலிக்கிறது என்கிறாள். புத்தக மூட்டையால் இருக்கும். மாத்திரை கொடுத்தோம்.

ஜூலை 10, வியாழன்

காய்ச்சல் நிற்கவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மிருதுளாவிடம் தனியாகப் பேசினார். உள்ளே நடந்ததைக் கோகிலா பிறகு சொன்னாள்.

"ஸ்கூல்ல எத்தன தடவ பாத்ரூம் போவே?" என்று கேட்டிருக்கிறார். இவள் கூரையைப் பார்த்திருக்கிறாள். மறுபடியும் கேட்டதும் சொல்லியிருக்கிறாள்.

"போக மாட்டனுங்க டாக்டர். பழைய பாத்ரூம்ல ரெண்டு கதவுக்குத் தாப்பாள் இல்லீங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு புடிச்சுக்கோணும். இன்டர்வல் பத்து நிமிசந்தானுங்க, வரிசை வாசல் கேட் வரைக்கும் நிக்கும். அதுக்குக் காத்தால இருந்தே தண்ணி குடிக்காம இருந்துட்டா ஒரு பிரச்சனையும் இல்லீங்க. எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் இருக்கறோம்."

சிறுநீரில் கிருமி வந்து சிறுநீரகம் வரை போயிருக்கிறதாம். இப்போது மருந்தில் சரியாகிவிடும், ஆனால் இதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகமே பழுதாகிவிடும் என்றார் டாக்டர். இனி இவள் மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது. "அப்படி வசதி இல்லாத எடத்துக்கு இவள அனுப்பாதீங்க" என்றார். அந்த இடம் பள்ளிக்கூடம்.

ஜூன் 20 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். டைரியில் பக்கம் கிழிக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த டாக்டரம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். கிளம்பும்போது மிருதுளாவின் தலையைத் தடவி, "வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல, சரியா?" என்றார். அப்போதுதான் இவள் முதல் முறையாக அழுதாள். நானும் கொஞ்சம்.

பக்கத்துக் கடைக்காரர் இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். எதிர் வீட்டில் பார்லித் தண்ணீர் காய்ச்சி அனுப்பினார்கள். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருக்கும் ஊரில் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஜூலை 21, திங்கள்

தலைமையாசிரியை ரெஜினா மேரியைப் பார்க்கப் போனேன். அறையில் இல்லை. இடைவேளை நேரம் என்பதால் பழைய கழிப்பறை வாசலில் நின்று, தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தன் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சின்னப் பெண். அவள் வந்ததும் அடுத்தவளை அனுப்பிவிட்டு, கதவைப் பிடித்தபடியே என்னிடம் பேசினார்.

"தாப்பாள் நானே நாலு தடவ வாங்கிப் போட்டுட்டேன் சார். கதவே உளுத்துப் போச்சு, ஆணி நிக்க மாட்டேங்குது. ஒரு இன்டர்வலுக்கு என்னால எத்தனை பிள்ளைங்கள அனுப்ப முடியும்?"

மணி அடித்ததும் புதுக் கட்டடத்துக்குக் கூட்டிப் போய் ஜன்னல் வழியாகக் காட்டினார். உள்ளே வெள்ளை டைல்ஸ், வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் தாழ்ப்பாள். குழாய்களில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. என் வரிப்பணத்தை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நகராட்சிக்குப் போனேன். வளைவுப் பேச்சையே எடுக்கவில்லை. அமைச்சர் வரும்போது வரட்டும், கழிப்பறையை மட்டும் இப்போதே திறந்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அந்த அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"தெறக்க முடியாதுங்களே. அந்தக் கட்டட வேலை மேல செலவுக் கணக்கு கேட்டு ஒரு மனு நிலுவைல இருக்குது. விசாரணை முடியற வரைக்கும் அப்படியே வெக்கச் சொல்லி உத்தரவு."

"மனு ஆருதுங்க?"

"ஈஸ்வரமூர்த்தின்னு ஒருத்தர். ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கறார்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வண்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டேன் என்பது அங்கே போனபிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

"மனுவத் திருப்பி வாங்கிருங்க" என்கிறாள் கோகிலா. "உங்குளுக்கு மயில் முக்கியமா, புள்ள முக்கியமா?"

சாப்பிடாமல் எழுந்து போனேன். கோபம் கோகிலா மேல் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதி எடுத்துக்கொண்டு, முதலில் ரெஜினா மேரியிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதக் குடுத்தா நாளைக்கே தெறப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா? மறுபடியும் தேதி கெடைக்கலன்னுதான் சொல்வாங்க. உங்க மனு இல்லாதப்பவும் பூட்டித்தானே கெடந்துச்சு. நீங்க கேட்டது நியாயமான கேள்வி, அத விடாதீங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மிருதுளாவை மறுபடியும் பள்ளிக்கு அனுப்புகிறோம். பாடம் நிறைய விட்டுப்போய்விட்டது, இனியும் வீட்டில் வைத்திருந்தால் பரீட்சைக்கு உட்கார முடியாது. எங்கள் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இடைவேளைக்கெல்லாம் நான் வண்டியில் போய் வீட்டுக்குக் கூட்டி வந்து திரும்பவும் கொண்டுபோய் விடுகிறேன். ரெஜினா டீச்சர் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறார், கேட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நேற்று அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். முனையில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியில் நான்கு பேர், தலையில் ஹெல்மெட் இல்லை. எங்கே போகிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு ரோட்டை மறித்து நின்று எங்களுக்கு வழிவிட்டார். அவருக்கும் ஒரு மகள் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இப்போது மதிய இடைவேளைக்கு எங்கள் மாடிப்படியில் பெண்கள் வரிசை. மிருதுளாவின் வகுப்பு மட்டும் இல்லை, சின்ன வகுப்புப் பிள்ளைகளும் நடந்தே வருகிறார்கள். கோகிலா ஒருத்தியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டியில் தண்ணீர் பத்தாமல் இரண்டு தடவை மோட்டார் போடுகிறாள். வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் மோர் வேறு. நான் கடையில் உட்கார்ந்து படியில் கேட்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேனரில் தப்பாக எழுத்து அடிக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

விஷயம் பரவி, பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. ரெஜினா மேரியும் வந்திருந்தார். மறியல் செய்யலாம் என்றாள் ஒருத்தி. பூட்டை உடைக்கலாம் என்றாள் இன்னொருத்தி. உடைத்தால் பிள்ளைகள் மேல் கேஸ் வரும் என்று நான் குறுக்கே போனேன்.

அடுப்படியிலிருந்து கோகிலா எட்டிப் பார்த்தாள். "புது வீட்டுக்கு நாள் சரியா அமையலீன்னா நாமெல்லாம் என்ன பண்றோம்? பாலக் காய்ச்சிட்டுக் குடி போயிர்றோம். கிரகப்பிரவேசத்த அப்பறம் ஒரு நல்ல நாள் பாத்து ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூப்பிட்டு வெச்சுக்கறோம். அதே மாதிரி பாலக் காய்ச்சிருவோம். ரிப்பன அமைச்சர் வந்து வெட்டிக்கட்டும். நாம ரிப்பனத் தொடவே வேண்டாம்."

ரெஜினா மேரி முதலில் சிரித்தார். "எங்க வீட்டுலயும் பால் காய்ச்சித்தாங்க குடி வந்தோம்" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சாவி வேணுமே" என்றார். சாவி கவுன்சிலர் குமரவேலிடம் இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில், ஒரு மனுவும் எழுதாமல் இவள் எத்தனை விஷயத்தை முடித்திருக்கிறாள் என்று இன்றுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 6, சனி

குமரவேல் பேனர் பாக்கி கொடுக்க வந்தார். நான் பால் காய்ச்சுகிற யோசனையைச் சொன்னேன். காதில் விழாத மாதிரி மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்வரா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒண்ணும் சொல்லல."

"சரி."

"அந்த டீச்சருகிட்ட ஒரு தடவ கேட்டுக்க. வர்றது அவங்க தலைலதான் வரும், எந்தலைல இல்ல."

கேட்டுவிட்டேன், அவர் தெரிந்துதான் செய்கிறார் என்றேன். குமரவேல் எழுந்து போய்விட்டார். டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. மறந்து வைத்துவிட்டாரே என்று பின்னாலேயே ஓடினேன். காரை எடுத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை இறக்கி, "எதையும் மறக்கலயே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செப்டம்பர் 8, திங்கள்

பால் பொங்கியது.

கழிப்பறை வாசலில் போய்ப் பால் காய்ச்சுவதா என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கோகிலா புதுக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் பொதுவான நடையில் அடுப்பை வைத்தாள். பதினைந்து இருபது அம்மாக்கள் இருந்தார்கள். பொங்கி வழிந்ததும் ஒருத்தி குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலில். ஆளுக்கு ஒரு வாய் பால் கொடுத்தோம். வாசலில் கட்டியிருந்த ரிப்பனுக்கு ஒரு கீறல் இல்லை, எல்லோரும் குனிந்து அதற்குக் கீழே புகுந்து போனோம்.

பூட்டைத் திறந்தது ரெஜினா மேரி. அம்மாக்கள் யாராவது திறக்கட்டும், அதுதான் உங்களுக்கு நல்லது என்று நான் சாவியைக் கோகிலாவிடம் கொடுக்கப் போனேன். டீச்சர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இது என் ஸ்கூல் சார்" என்றார்.

முதல் இடைவேளை மணி அடித்தபோது மிருதுளா ஓடவில்லை. தோழிகளோடு பேசிக்கொண்டே நடந்து உள்ளே போனாள், பேசிக்கொண்டே வெளியே வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சாமிக்கும், பால் கொடுத்த மாட்டுக்கும்கூட நன்றி சொல்லத் தோன்றியது.

செப்டம்பர் 10, புதன்

அனுமதி இல்லாமல் கட்டடத்தைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு ரெஜினா மேரிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "பால் காய்ச்சினோம், திறப்பு விழா நடத்தவில்லை" என்று பதில் எழுதினாராம். கட்டடத்தை மறுபடியும் பூட்ட ஆள் வந்தது. அம்மாக்கள் நடையிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அக்டோபர் 6, திங்கள்

ரெஜினா மேரிக்கு மாறுதல் உத்தரவு. மலையடிவாரத்தில் ஒரு பள்ளி, இரண்டு பஸ் மாற வேண்டும். நிர்வாகக் காரணம் என்று போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். "எல்லாம் என் மனுவால..." என்று ஆரம்பித்தேன். விடவில்லை. "மிருதுளா கணக்குல இன்னும் வீக்கா இருக்கா. அத மொதல்ல கவனிங்க" என்றார். மூட்டை கட்ட உதவினேன். அதைத் தவிர அவருக்கு நான் எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மனுவுக்குப் பதில் வந்தது. வளைவுக்குக் கல்வி நிதியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையைப் பொது நிதியிலிருந்து திருப்பி வைக்க உத்தரவு. அதில் பழைய கழிப்பறையை இடித்துக் கட்டப்போகிறார்களாம். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இனிப்பு வாங்கி இரண்டு பஸ் மாறிப் போய் ரெஜினா மேரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

அமைச்சரின் தேதி கிடைத்துவிட்டது. இருபதாம் தேதி. பேனர் ஆர்டர் எனக்கே வந்தது. குமரவேல்தான் வாங்கிக் கொடுத்தார். பதினோரு படம், பதினோரு பெயர். ரெஜினா மேரி பெயர் இல்லை. நானாகச் சேர்க்க முடியாது. அடித்துக் கொடுத்தேன்.

நன்றியுரை சொல்ல மிருதுளாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவளுக்கு உச்சரிப்பு நன்றாக வருமாம். நகராட்சியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி முன் நின்று படித்துப் பார்க்கிறாள். எல்லாம் பேனரில் இருக்கிற அதே பெயர்கள்.

நவம்பர் 20, வியாழன்

நல்ல காற்று. மேடைக்குப் பக்கத்தில் கட்டிய பேனர் சாயப் பார்த்தது. அமைச்சர் மேல் விழுந்தால் கதை கந்தலாகிவிடும் என்று கம்பைப் பிடித்துக்கொண்டு விழா முடியும்வரை நின்றேன்.

இரண்டு மாதமாகப் பிள்ளைகள் புழங்குகிற கட்டடத்துக்கு அமைச்சர் ரிப்பன் வெட்டினார். பேசினார். எல்லோரும் பேசினார்கள். கடைசியில் மிருதுளா வந்தாள். எழுதிக் கொடுத்ததை ஒரு பெயர் விடாமல் வாசித்தாள். மேடையில் இருந்தவர்கள் தலையசைத்துக்கொண்டார்கள். அவள் தாளை மடித்தாள், ஆனால் மைக்கை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேருக்கு நன்றி சொல்லணும். இந்தக் கட்டடத்துக்காக வீட்டு வரி கட்டின எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் நன்றி. பால் காய்ச்சின அம்மாக்களுக்கு நன்றி. இது பூட்டிக் கெடந்த நாளெல்லாம் தண்ணி குடிக்காம பாடம் படிச்ச அக்காங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் நன்றி. எங்களுக்காகக் கதவைத் தெறந்துட்டு வேற ஸ்கூலுக்குப் போன ரெஜினா மேரி டீச்சர் இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து கடைசி வரிசைல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நன்றி. வணக்கம்."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டிக் கடைசி வரிசையைப் பார்த்து நின்றார்கள். நன்றியுரை முடிந்தால் அடுத்தது தேசிய கீதம்தானே? பிள்ளைகள் எழுந்ததைப் பார்த்ததும் அமைச்சரும் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அமைச்சர் நின்றபிறகு மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? நகராட்சித் தலைவர் எழுந்தார், நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி எழுந்தார், பேனரில் இருந்த பதினோரு பேரும் எழுந்தார்கள். பாட்டு வரவில்லை. நின்றது நின்றபடி எல்லோரும் நின்றார்கள். குமரவேல் மட்டும் விஷயம் புரிந்து கடைசி வரிசைப் பக்கம் கும்பிட்டார்.

எனக்கு இரண்டு கையும் கம்பில் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மைதானத்தில் ரெஜினா டீச்சர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு.